பாட்டிக்கு ஷுகர் இருக்கிறது!



போன இதழ் 'அடுப்படி ஆங்கிலம்' பகுதியில் 'கசின்' என்ற சொல்லோடு நான் பட்ட பாட்டைச் சொல்லியிருந்தேன். அத்தை பிள்ளையும் சித்தி பெண்ணும் ஆங்கிலத்தில் ஒரே 'கசின்'தானா என்று பலர் ஆச்சரியப்பட்டிருந்தீர்கள். இந்த இதழுக்கு எந்தச் சொல்லை எடுக்கலாம் என்று கீரை ஆய்ந்துகொண்டே யோசித்தேன். எதிர்வீட்டுப் பையன் தானாகவே ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான்.

ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். சாயங்காலம் ஆனால் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவான். அன்றைக்கு 'என் பாட்டி' என்று ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுத வேண்டும். அதில் மூன்றாவது, நான்காவது வரி இப்படி: 'மை கிராண்ட்மதர் ஹாஸ் ஷுகர். ஸோ ஷி டஸ் நாட் ஈட் ஷுகர்.'

அதாவது, என் பாட்டியிடம் சர்க்கரை இருக்கிறது. ஆகையால் அவள் சர்க்கரை சாப்பிடுவதில்லை!

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன பெரிம்மா, தப்பா?" என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டான்.

"முழுத் தப்பு இல்லடா கண்ணு. ஒரே வார்த்தைக்கு ரெண்டு வேலை குடுத்துட்டே, அதான்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. காரணம், இந்த ஒரு சொல்லின் குழப்பத்தால் எங்கள் வீட்டில் ஒரு உயிர் ஊசலாடியிருக்கிறது. குழப்பியது வேறு யாருமில்லை, நானேதான். அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம்.

நான் இருப்பது நெல்லிக்குப்பத்தில். கடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் போகிற வழியில் இருக்கும் ஊர். எங்கள் ஊரையும் சர்க்கரையையும் பிரித்துப் பேச முடியாது. பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை இங்கே 1842-ல் தொடங்கியது. அரவைக் காலம் வந்துவிட்டால் கரும்பு ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். பின்னாலேயே ஓடி ஒரு கழியை உருவப் பார்க்கும் பிள்ளைகளும் உண்டு. இப்படிப்பட்ட ஊரிலேயே 'ஷுகர்' என்றால் இப்போது கரும்பு ஞாபகம் வருவதில்லை. மாத்திரை டப்பாதான் ஞாபகம் வருகிறது. "உங்களுக்கு ஷுகர் இருக்கா?" "எனக்கு ரெண்டு வருஷமா இருக்கு." கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசம் வரும்போது கேட்டுப் பாருங்கள், வரிசையில் பாதிப்பேர் இலையின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு இதைத்தான் சொல்கிறோம்.

இந்தச் சொல் போன வழி வேடிக்கையானது. வடமொழியில் 'சர்க்கரா' என்றால் பரல், மணல் போன்ற சிறு கல். கரும்புப் பாகைக் காய்ச்சி மணி மணியாக எடுத்தபோது அதற்கும் அதே பெயர் வந்தது. அது பாரசீகம் போய் 'ஷக்கர்' ஆகி, அரபு நாட்டில் 'சுக்கர்' ஆகி, ஐரோப்பா போய் 'ஷுகர்' ஆகித் திரும்பி வந்தது. நம் 'சர்க்கரை' எங்கும் போகாமல் வீட்டோடு இருந்த பெண். ஆக, சர்க்கரையும் ஷுகரும் போன இதழில் பார்த்த அதே 'கசின்'கள்தான்! வெல்லத்துக்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'ஜாகரி'யும் நம் பக்கத்துச் 'சக்கரை'யிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் போனதுதான். சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம்தானே போடுகிறோம், பிறகு ஏன் சர்க்கரைப் பொங்கல் என்று பெயர் என்று குழந்தைகள் கேட்டால் சொல்லுங்கள்: அந்தக் காலத்தில் சர்க்கரை என்றாலே வெல்லவகைதான். வெள்ளையாக வந்ததற்குச் சீனி என்று தனிப்பெயர் வைத்தார்கள்.

இன்னொன்று. எழுதும்போது 'எஸ்' போட்டாலும் வாயால் சொல்லும்போது 'ஷு' என்றுதான் வரும். ஆங்கிலத்தில் இப்படி 'எஸ்' எழுதி 'ஷ' என்று தொடங்கும் சொற்கள் மிகக் குறைவு. 'ஷுகர்', 'ஷ்யூர்' இரண்டையும் ஜோடியாக மனப்பாடம் பண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி இந்தச் சொல்லின் நான்கு அர்த்தங்கள்.

முதலாவது, டப்பாவில் இருக்கும் சர்க்கரை. ஆங்கிலத்தில் இது எண்ண முடியாத பொருள். 'எ ஷுகர்' என்று ஒருமையிலும் சொல்லக்கூடாது, 'மெனி ஷுகர்' என்றும் சொல்லக்கூடாது. 'ஸம் ஷுகர்', 'எ ஸ்பூன் ஆஃப் ஷுகர்' என்றுதான் வரும். விலக்கு ஒன்று உண்டு. காபிக் கடையில் 'டூ ஷுகர்ஸ், ப்ளீஸ்' என்றால் இரண்டு ஸ்பூன் போடுங்கள் என்று பொருள். பேச்சில் இது சரியே.

இரண்டாவது, 'ஷுகர்ஸ்' என்று பன்மையில் வருவது. பிஸ்கட், மால்ட் மாவு, ஜூஸ் டப்பாக்களின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'டோட்டல் ஷுகர்ஸ்', 'ஆடட் ஷுகர்ஸ்' என்று இருக்கும். இது இனிப்பு வகை எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர். பாலில் லாக்டோஸ் இருக்கிறது. பழத்தில் ஃப்ரக்டோஸ் இருக்கிறது. இவையும் 'ஷுகர்ஸ்' கணக்கில் வரும். ஆகவே 'நோ ஆடட் ஷுகர்' என்றால் மேற்கொண்டு போடவில்லை என்று மட்டுமே பொருள். உள்ளே இனிப்பே இல்லை என்று பொருள் இல்லை. 'ஷுகர் ஃப்ரீ' என்பது வேறு. நம் நாட்டு விதிப்படி 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் ஷுகர் இருந்தால் அப்படி அச்சடிக்கக் கூடாது. கைக்குழந்தைக்காரிகள் 'ஆடட்' என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வயது முடியும்வரை குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த உணவே வேண்டாம் என்பதுதான் இன்றைய மருத்துவ அறிவுரை.

மூன்றாவது, இரத்தத்தில் ஓடும் ஷுகர். சரியான பெயர் 'பிளட் ஷுகர்', அதாவது குளுக்கோஸ். இது நோய் இல்லை, சகோதரிகளே! உங்களுக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது, தொட்டிலில் தூங்கும் பிள்ளைக்கும் இருக்கிறது. பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம். அவ்வளவிலும் சேர்த்துக் கரைந்திருக்கும் குளுக்கோஸ் ஒரு டீஸ்பூன் அளவுதான். அந்த ஒரு ஸ்பூனை நம்பித்தான் மூளை வேலை செய்கிறது. "ஷுகர் இருக்கா?" என்று யாராவது கேட்டால் "இல்லை" என்று சொல்கிறோமே, உண்மையிலேயே இல்லாவிட்டால் பதில் சொல்ல நாம் இருக்க மாட்டோம்!

நான்காவது, நோய். இதற்கு ஆங்கிலத்தில் சரியான பெயர் 'டயாபடீஸ்'. தமிழில் நீரிழிவு. நோயாளியின் சிறுநீர் தேன்போல இனிப்பதைக் கண்டுதான் நம் பழைய வைத்தியர்கள் மதுமேகம் என்றார்கள். ஷுகர் என்று சுருக்கிச் சொல்வது நாம் மட்டும் செய்கிற காரியம் இல்லை. அமெரிக்காவின் தென்பகுதியிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் பாட்டிமார்கள் 'ஷி ஹாஸ் ஷுகர்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் பரீட்சைத் தாளிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் 'ஷி ஹாஸ் டயாபடீஸ்' என்பதே சரி. கடைசியில் 'எஸ்' இருப்பதால் பன்மை என்று நினைத்து 'டயாபடீஸ் ஆர்' என்று எழுதாதீர்கள், 'டயாபடீஸ் இஸ்' தான். 'ஷி ஹாஸ் டயாபடிக்' என்பதும் தப்பு. டயாபடீஸ் என்பது நோய், டயாபடிக் என்பது அந்த நோய் உள்ளவர். 'ஷி இஸ் டயாபடிக்' என்று வரவேண்டும்.

இதெல்லாம் இலக்கணம். தப்பாக எழுதினால் ஒரு மார்க் போகும், அவ்வளவுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது, சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தை அமாவாசை வரும்வரை.

என் மாமியாருக்குப் பல வருஷமாக நீரிழிவு. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு அரைமணியில் சாப்பிட்டுவிட வேண்டும். அமாவாசையன்று படையல் போடாமல் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாது அவருக்கு. மாத்திரையை மட்டும் வழக்கம்போல ஒரு வாய் தண்ணீரில் விழுங்கியிருக்கிறார். "அது மருந்து, விரதத்துல சேர்த்தி இல்ல" என்பது அவர் கணக்கு. எனக்குத் தெரியாது. நான் அடுப்படியில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரை மணி இருக்கும். கூடத்துக்கு வந்து பார்த்தால் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. கை நடுங்குகிறது. "என்ன அத்தே பண்ணுது?" என்றால், "மாட்டைக் கட்டியாச்சா?" என்கிறார். எங்கள் வீட்டில் மாடு இல்லாமல் போய் இருபது வருஷம் ஆகிறது!

நான் அலறியதில் பக்கத்து வீட்டம்மா ஓடிவந்தார். "அத்தைக்கு ஷுகர் வந்துடுச்சு போல இருக்கு அக்கா!" என்றேன். நான் சொன்ன வார்த்தை அதுதான்: ஷுகர் வந்துவிட்டது.

"ஷுகரா? அப்ப இனிப்பு எதையும் கிட்ட காட்டாதே. சாயங்கால மாத்திரையை இப்பவே குடுத்துடு" என்றார் அவர். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். படையலுக்கு வைத்திருந்த பாயசப் பாத்திரத்தை நானே எடுத்து உள்ளே வைத்தேன். மாத்திரையைப் பிரித்துக் கையிலும் எடுத்துவிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் கை சில்லென்று ஆகிறது.

அந்த நேரம் பார்த்து என் ஓரகத்தி போன் பண்ணினாள். அவள் நர்ஸ். படையல் ஆயிற்றா என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். "அத்தைக்கு ஷுகர்" என்று நான் அழ ஆரம்பித்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"அக்கா, ஏறியிருக்கா, இறங்கியிருக்கா?"

எனக்கு விளங்கவில்லை. ஷுகர் இறங்குமா? "வேர்க்குதா? நடுங்குதா? காலைல சாப்பிட்டாங்களா?" என்று அடுக்கினாள். "சாப்பிடலே" என்றேன். "மாத்திரையைக் கீழ போடுங்க! மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சு இப்பவே குடிக்க வையுங்க. முழுங்க முடியுதான்னு பாத்துக்கிட்டே குடுங்க" என்றாள்.

ஊர் முழுக்கச் சர்க்கரை விளைகிறது. வீட்டு டப்பாவிலும் நிறைய இருக்கிறது. அதை ஒளித்துவைத்துவிட்டு நான் ஒரு உயிரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்! கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் வேர்வை அடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, படையல் போடாம எனக்கு என்னத்தைக் குடுத்தே?" என்று கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்தைக் கேட்டு நான் அழுத அழுகை!

பிறகு டாக்டரிடம் போனபோது அவர் விளக்கினார். நோயின் பெயர் ஷுகர். ஆனால் அன்றைக்கு உடம்பில் குறைந்துபோனதும் ஷுகர்தான். மாத்திரையோ இன்சுலினோ வேலை செய்யும் நேரத்தில் சாப்பாடு போகாவிட்டால் இரத்தச் சர்க்கரை சரசரவென்று இறங்கும். 70-க்குக் கீழே போனால் அபாயம். ஏறுவது பெரும்பாலும் நாள்கணக்கில் தெரியும். இறங்குவது நிமிஷக் கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும்.

ஆகவே சகோதரிகளே, இந்த இதழின் இலக்கணப் பாடம் இதுதான்: 'ஷுகர்' என்ற சொல்லைத் தனியாக விடாதீர்கள். முன்னாலோ பின்னாலோ ஒரு துணைச்சொல் சேர்த்துச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் 'ஹை ஷுகர்', 'லோ ஷுகர்'. நம் பேச்சில் 'ஷுகர் ஏறிடுச்சு', 'ஷுகர் இறங்கிடுச்சு'. 'ஷுகர் வந்துடுச்சு' என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள்.

இறங்கினால் தெரியும் அடையாளங்கள்: திடீர் வேர்வை, நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, தலைசுற்றல், சம்பந்தமில்லாத பேச்சு, எரிச்சல். ஏறினால் தெரிபவை: தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், வாய் உலர்தல், அசதி, கண் மங்கல்.

இறங்கினால் செய்ய வேண்டியது: நினைவு இருந்து விழுங்க முடிகிறவருக்கு உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அரை டம்ளர் பழச்சாறும் சரி. சர்க்கரைக்குப் பதிலாக வைத்திருக்கும் செயற்கை இனிப்பு மாத்திரை இதற்கு உதவாது, அதில் ஷுகர் இல்லையே! 15 நிமிஷம் பார்த்துவிட்டு, தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்ததும் இட்லியோ சாதமோ சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். கையில் சோதிக்கும் கருவி இல்லை, ஏறியதா இறங்கியதா தெரியவில்லை என்றால்? சர்க்கரை கொடுப்பதே பத்திரம். ஏறியிருப்பவருக்கு மூன்று ஸ்பூன் அதிகமானால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இறங்கியிருப்பவருக்குக் கொடுக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. விரதநாளில் மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறைமாதக்காரிகளுக்கும் இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் நீரிழிவுச் சோதனை செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2007-லேயே ஏற்பாடு ஆகிவிட்டது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகால நீரிழிவு என்று கவனிப்பார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி, "அவ்வளவு குளுக்கோஸ் குடிச்சா எனக்கு ஷுகர் வந்துடாதா பெரிம்மா?" என்று கேட்டாள். பாருங்கள், மறுபடியும் அதே குழப்பம்! குடிப்பது முதல் அர்த்தத்து ஷுகர் மாதிரி. சோதிப்பது மூன்றாவது அர்த்தத்து ஷுகர். அவள் பயப்படுவது நான்காவது. ஒருவேளைக் குளுக்கோஸால் நோய் வராது. இருக்கிறதைக் கண்டுபிடிக்கத்தான் அது.

அதேபோல, "நாட்டுச் சர்க்கரை ஷுகருக்கு நல்லதாமே?" என்று கேட்கிறார்கள். கரும்பு ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன். வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை, வெல்லம் மூன்றும் ஒரே கரும்பின் பிள்ளைகள். வெல்லத்தில் கொஞ்சம் தாதுச்சத்து இருக்கலாம். இரத்தத்துக்குள் போனால் மூன்றும் ஒன்றுதான். நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகச் சொல்கிறது. அத்தனை வீட்டிலும் இந்தச் சொல் தினமும் புழங்குகிறது. அத்தனை வீட்டிலும் யாராவது ஒருத்தி, என்னைப்போல, பாயசத்தை எடுத்து ஒளித்து வைக்கலாம். அதனால்தான் இத்தனை தூரம் சொன்னேன்.

எதிர்வீட்டுப் பையனுக்கு அன்று திருத்திக் கொடுத்தேன். இப்போது அவன் நோட்டில் இருப்பது: 'மை கிராண்ட்மதர் ஹாஸ் டயாபடீஸ். ஸோ ஷி ஈட்ஸ் வெரி லிட்டில் ஷுகர். பட் ஷி ஆல்வேஸ் கீப்ஸ் ஸம் ஷுகர் இன் ஹர் பேக்.'

கடைசி வரி அவனாகச் சேர்த்தது. அவனுடைய பாட்டியும் நான் சொன்ன கதையைக் கேட்டதிலிருந்து சுருக்குப் பையில் வெற்றிலை பாக்கோடு ஒரு பொட்டலம் சர்க்கரை முடிந்து வைத்திருக்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பையிலும் இன்றைக்கே ஒன்று முடிந்து வையுங்கள்.

அடுத்த இதழில் இன்னொரு சொல்லோடு சந்திப்போம்.